இரமண மகரிஷி

இரமண மகரிஷி (டிசம்பர் 30, 1879 - ஏப்ரல் 14, 1950) தமிழகத்தில் வாழ்ந்த ஆன்மிக ஞானிகளுள் ஒருவர் ஆவார். இவரது இயற்பெயர் வேங்கடராமன். தனது 16 ஆம் அகவையில் வீட்டை விட்டு வெளியேறித் திருவண்ணாமலையை அடைந்த இவர், அதன் பின் 54 ஆண்டுகள் அவ்வூரை விட்டு எங்கும் செல்லவில்லை. தன்னை அறிதலையே வீடுபேற்றுக்கான நேர்வழியாக இவர் காட்டினார். இவ்வழி தன்னாட்டம் அல்லது ஆன்ம விசாரம் எனப்படுகின்றது.

இவர் தமக்கென நிலமோ வீடோ வைத்துக் கொள்ளவில்லை. ஆயினும் இவர் தங்கிய இடங்களைச் சுற்றி மக்கள் குடியேறினர். ஆளரவமற்றிருந்த மலையடிவாரப் பகுதி இவர் காலத்திலேயே ஒரு குடியிருப்பாக மாறத் தொடங்கி, இன்று உலகின் பல நாட்டினரும் வந்து தங்கும் நகர்ப்பகுதியாக உள்ளது. திருவண்ணாமலை நகரின் அண்மைக்கால வரலாற்றை இவரது வாழ்க்கையிலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம்.

இளமைக் காலம்

இரமணர் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள திருச்சுழி என்னும் ஊரில் சுந்தரம் ஐயர், அழகம்மாள் இணையருக்கு இரண்டாவது மகனாகப் பிறந்தார். தந்தையார் அவ்வூரில் வழக்குரைஞராகத் தொழில் செய்தவர். நாகசாமி என்பவர் இவரது தமையன். நாகசுந்தரம் என்னும் தம்பியும் அலமேலு என்னும் தங்கையும் இவருக்கு இருந்தனர்.

1892 இல் தந்தையார் காலமானதைத் தொடர்ந்து இவரும் தமையனாரும் மதுரையில் சிற்றப்பா சுப்பையரின் வீட்டில் வளர்ந்தனர். அவ்வீடு மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் இருந்தது. வேங்கடராமன் இசுகாட் நடுநிலைப் பள்ளியிலும் பின்னர் அமெரிக்க மிசன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். படிப்பை விட விளையாட்டிலேயே இவருக்கு நாட்டம் மிகுந்திருந்தது. 1895 இல் உறவினர் ஒருவர் வாயிலாக அருணாசலம் என்பது திருவண்ணாமலையே என்று அறிந்தார். அதன் பின்னர் பெரியபுராணத்தைப் படித்து நாயன்மார் வரலாறுகளில் ஈடுபாடு கொண்டார்.

1896 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், சிற்றப்பாவின் வீட்டில் தனித்திருந்தபோது திடீரென மரண அச்சம் இவரை ஆட்கொண்டது. நோய் எதுவும் இல்லாத நிலையில் உடல் இறந்தால் எஞ்சுவது எது என்று தமக்குள் ஆராய்ந்தார். உடல் அழிந்தாலும் தான் என்னும் உணர்வு அழியாதது என்பது அப்போது தமக்கு நேரடியாக விளங்கியதாகப் பிற்காலத்தில் இவர் விவரித்துள்ளார்.

திருவண்ணாமலைப் பயணம்

ஆகத்து 29, 1896 அன்று இவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். தமையனாரின் கல்லூரிக் கட்டணத்திற்காகத் தரப்பட்ட 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக் கொண்டு, மீதி 2 ரூபாயை ஒரு குறிப்புடன் வைத்துச் சென்றார். அவர் பார்த்த நிலப்படம் பழையது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் புதிதாகத் தொடர்வண்டிப் பாதை அமைக்கப்பட்டிருந்தது அதில் இல்லை. ஆதலால் திண்டிவனத்திற்குப் பயணச் சீட்டு வாங்கினார். வழியில் விவரம் அறிந்து விழுப்புரத்தில் இறங்கி, எஞ்சிய காசில் மாம்பழப்பட்டு வரை சென்று, அங்கிருந்து நடந்தார். அறையணிநல்லூர்க் கோயிலையும் கீழூர்க் கோயிலையும் கடந்து, முத்துகிருட்டிண பாகவதர் என்பவரிடம் தமது காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தார்.

செப்டம்பர் 1, 1896 காலையில் திருவண்ணாமலையை அடைந்தார். அருணாசலேசுவரர் கோயிலில் வழிபட்ட பின்னர் கையிலிருந்த காசை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டு, தலையை மழித்து, கோவணம் மட்டும் உடுத்துக் கொண்டார்.

கோயிலிலும் நகரிலும்

தொடக்கத்தில் இவர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் தங்கினார். சிறுவர்கள் கல்லெறிந்து தொல்லை கொடுத்ததால் அங்கிருந்த பாதாள லிங்கத்தின் நிலவறைக்குள் சென்று அமர்ந்தார். ஈரமும் பூச்சிகளும் நிறைந்த அவ்விடத்தில் தன்னுணர்வு இன்றி இருந்த இவரது தொடைகளில் புண்கள் உண்டாயின. சேசாத்திரி சுவாமிகள் இவரைச் சிறுவர்களிடமிருந்து காக்க முயன்றார். பின்னர் சிலர் இவரை அங்கிருந்து வெளியே தூக்கி வந்தனர்.

இவருக்கு அடைக்கலம் தந்த இக்கோயில் அன்று எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட சாதியினர் உள்ளே வர இயலாத காலம் அது. சென்னை மாகாணக் கோயில்கள் அனைத்திலும் அவர்கள் நுழைவதற்குச் சட்டம் வழிசெய்தது 1947 ஆம் ஆண்டில்தான். முன்பின் அறியாத பிராமணச் சிறுவன் ஒருவன் கோயிலுக்குள்ளேயே மாதக்கணக்கில் தங்க முடிந்ததை இப்பின்னணியில் வைத்துப் புரிந்து கொள்ள வேண்டும்.

1897 தொடக்கத்தில் நகருக்கு வெளியே உள்ள குருமூர்த்தத்திற்கு இவர் அழைத்துச் செல்லப்பட்டார். அங்கு கேரளத்தைச் சேர்ந்த பழனிசாமி என்பவர் இவருக்குத் தொண்டராக அமைந்து, தமது இறுதி வரை உடனிருந்தார். 1898 இல் பவளக்குன்றில் தங்கியிருந்தபோது தாயார் அழகம்மாள் வந்து வீடு திரும்புமாறு அழைத்தார். இவர் இணங்கவில்லை.

விருபாட்ச குகை

1899 முதல் 1916 வரை இவர் பெரும்பாலும் மலை மேல் உள்ள விருபாட்ச குகையில் வாழ்ந்தார். கோடையில் மாமரத்துக் குகைக்கு இடம் மாறுவது வழக்கம். 1905 இல் நகரில் கொள்ளை நோய் பரவி மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது பச்சையம்மன் கோயிலில் சுமார் 6 மாதங்கள் தங்கினார்.

இக்காலத்தில் இவருக்கு உணவளித்தவர்களில் பலர் எளிய பெண்கள் ஆவர். கணவரையும் பிள்ளைகளையும் இழந்த எச்சம்மாள் 1907 முதல் நாள்தோறும் உணவு கொண்டு வந்தார். மலையில் கீரை பறித்துச் சமைத்து வாழ்ந்த கீரைப்பாட்டி என்னும் ஏழை மூதாட்டியும் தமது உணவை இவருடன் பகிர்ந்து கொண்டார்.

இவரைக் காண வருவோர் பெருகியதும் குகையின் உரிமையைக் கொண்டிருந்த மடத்தார் திருவிழாக் காலத்தில் பார்வையாளரிடம் சிறு கட்டணம் வாங்கத் தொடங்கினர். தம்மைக் காண வருவோர் பணம் செலுத்த வேண்டியிருப்பதை விரும்பாத இரமணர், குகையை விட்டு வெளியேறி மலையில் வேறிடத்தில் அமர்ந்தார். வருவோர் அவ்விடத்திற்கே சென்றதால் குகை வெறிச்சோடியது. இறுதியில் கட்டணம் கைவிடப்பட்டு, இவர் குகைக்குத் திரும்பினார். ஓர் இடத்தின் மதிப்பு அங்குள்ள மனிதரால் உயர்வதையும், அம்மதிப்பு விரைவில் விலையாக மாறுவதையும் காட்டும் நிகழ்ச்சியாக இதனைக் கொள்ளலாம். பிற்காலத்தில் திருவண்ணாமலையில் பெரிய அளவில் நடந்தவற்றிற்கு இது ஒரு முன்னோடி ஆகும்.

1902 அளவில் சிவப்பிரகாசம் பிள்ளை எழுத்து வாயிலாகக் கேட்ட வினாக்களுக்கு இவர் எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் நான் யார் என்னும் நூலாயின. 1907 இல் காவியகண்டம் கணபதி சாத்திரிகள் இவரை அணுகி உபதேசம் பெற்றார். பகவான் இரமண மகரிஷி என்னும் பெயரை வழங்கியவரும் இவரே.

கந்தாசிரமம்

1916 இல் தாயார் நிலையாக மகனிடம் வந்து சேர்ந்தார். அதே காலத்தில் இரமணர் மலையில் சற்று உயரத்தில் உள்ள கந்தாசிரமத்திற்கு இடம் பெயர்ந்தார். கந்தசாமி என்னும் அடியவர் பெரும்பாடுபட்டு அமைத்ததால் அவ்விடம் அப்பெயர் பெற்றது. தம்பி நாகசுந்தரமும் வந்து துறவு பூண்டு நிரஞ்சனானந்தர் ஆனார்.

தாயார் வந்த பின்னரே முறையான சமையலும் பந்தியும் தொடங்கின. அவர் மடி, ஆசாரம் ஆகியவற்றில் உறுதியானவர். பிராமணர் அல்லாதார் தீண்டினால் தீட்டு என்னும் அவரது எண்ணத்தை இரமணர் பலமுறை கேலி செய்து கரைக்க முயன்றதாக அடியார்கள் பதிவு செய்துள்ளனர். மே 19, 1922 அன்று அழகம்மாள் காலமானார்.

இரமணாசிரமம்

தாயாரின் உடல் மலையின் தென்புறத்தில் பாலி தீர்த்தத்தின் அருகே அடக்கம் செய்யப்பட்டது. செங்கம் சாலையில், நகருக்கு வெளியே, இடுகாட்டை ஒட்டியிருந்த அவ்விடத்தில் அப்போது குடியிருப்புகள் இல்லை. நாள்தோறும் சமாதிக்கு இறங்கி வந்து கொண்டிருந்த இரமணர் 1922 இன் இறுதியில் அங்கேயே தங்கிவிட்டார். சமாதி மேல் வேய்ந்த ஒரு கூரைக் கொட்டகையே இரமணாசிரமத்தின் தொடக்கம் ஆகும்.

சூன் 26, 1924 இரவில் திருடர்கள் ஆசிரமத்திற்குள் புகுந்து இரமணரையும் அடித்தனர். திருப்பித் தாக்க முற்பட்ட சீடர்களை இவர் தடுத்து நிறுத்தினார். திருடர்களுக்குக் கிடைத்தது மிகச் சிறு தொகையே.

1928 முதல் அண்ணாமலை சுவாமியின் மேற்பார்வையில் கட்டிடங்கள் எழுந்தன. மாட்டுத் தொழுவம், உணவுக்கூடம், சமையலறை ஆகியவை 1930களில் கட்டப்பட்டன. தாயாரின் சமாதி மீது அமைந்த மாத்ருபூதேசுவரர் கோயிலுக்கு 1939 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1949 மார்ச்சில் குடமுழுக்கு நடைபெற்றது.

வெளிநாட்டினர் வருகை

இரமணரைச் சந்தித்த முதல் மேலை நாட்டவர் வேலூரில் காவல்துறை அலுவலராக இருந்த பிராங்க் அம்பிரீசு ஆவார். இவர் 1911 இல் வந்தார். ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் 1934 இல் வெளியிட்ட நூல் இரமணரை மேலை நாடுகளில் பரவலாக அறிமுகப்படுத்தியது. ஓய்வு பெற்ற பிரித்தானியப் படை அதிகாரி மேஜர் சாட்விக் 1935 இல் வந்து நிலையாகத் தங்கினார். 1938 இல் வந்த எழுத்தாளர் சாமர்செட் மாம், 1944 இல் வெளியான தமது புதினத்தில் வரும் இந்திய ஞானியை இரமணரைக் கருத்திற்கொண்டு படைத்தார்.

அது ஆங்கிலேயர் ஆட்சிக் காலம். வெள்ளையர் இந்தியர் முன் தரையில் அமர்வது அரிது. இரமணரின் கூடத்தில் அவர்களும் பிறரோடு தரையில் அமர்ந்தனர். கால் மடக்கி அமர இயலாத ஓர் ஐரோப்பியப் பெண்மணி காலை நீட்டியிருந்தபோது பணியாளர் அவரைக் கண்டித்தார். அதனைக் கண்ட இரமணர், தமது முழங்கால் வலியையும் பொருட்படுத்தாது, நீட்டியிருந்த தம் கால்களையும் மடக்கிக் கொண்டார். ஒருவருக்கு விதி என்றால் தமக்கும் அதுவே விதி என்பது அதன் பொருள்.

சாதியும் பந்தியும்

கூடத்தில் நிலவிய சமத்துவம் உணவுக்கூடத்தில் முழுமையாக இல்லை. பிராமணர் ஒருபுறமும் மற்றவர் மறுபுறமும் தனித்தனியே அமர்ந்து உண்டனர். இரமணர் இரு சாராரும் காணும்படி அமர்ந்து உண்டார். சமையலறைப் பணி பிராமணரிடமே இருந்தது. சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் முதலிய கைம்பெண்கள் அங்கு பணிபுரிந்தனர். இரமணர் விடியுமுன் எழுந்து அவர்களுடன் காய்கறி நறுக்கினார். எனினும் இரவில் பெண்கள் ஆசிரமத்தில் தங்க அனுமதி இல்லாததால் பொழுது சாய்ந்ததும் அவர்கள் வெளியேற வேண்டியிருந்தது.

ஒரு முறை, உணவுக்குக் காத்திருந்த பரதேசிகளைப் பின்னர் வருமாறு பணியாளர் விரட்டினர். அன்று இரமணர் பந்திக்கு வராமல் வெளியே ஒரு மரத்தடியில் அமர்ந்து, தாமும் ஒரு பரதேசியே என்று உணர்த்தினார். அது முதல் ஏழைகளுக்கும் பரதேசிகளுக்கும் முதலில் உணவளிக்கும் வழக்கம் ஏற்பட்டதாக நினைவுக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. நண்பகலில் ஏழைகளுக்கு உணவளிக்கும் பணி ஆசிரமத்தில் இன்றும் தொடர்கின்றது.

தமக்கு உயர்ந்த உணவோ கூடுதல் பங்கோ அளிப்பதை எதிர்த்த இரமணர், சாதிப் பந்தியை வெளிப்படையாக நீக்க ஏன் முனையவில்லை என்னும் கேள்வி எழுப்பப்படுவதுண்டு. ஆசிரம நிருவாகத்தில் தலையிடாத இயல்பே காரணம் என்றும், ஆன்ம நிலையில் வேறுபாடு இல்லை என்பதே அவரது போதனை என்றும் அடியார்கள் விளக்குவர். வேறுபாடு இல்லை என்னும் கொள்கை நடைமுறைப் பிரிவினையைத் தொடாமலேயே விட்டது என்பது மாற்றுக் கருத்து.

பலாக்கொத்தும் இரமண நகரும்

ஆசிரமத்தின் மேற்கே உள்ள பலாக்கொத்து என்னும் தோப்பில் குஞ்சு சுவாமி, முருகனார் முதலிய துறவுள்ளம் கொண்ட அடியார்கள் குடிசைகளில் வாழ்ந்தனர். ஈராக்கில் பிறந்த யூதரான எசு. எசு. கோகன் 1936 இல் அங்கு ஒரு மண்குடிசை கட்டிக் கொண்டார். இரமணர் நாள்தோறும் அவ்வழியே உலாவச் செல்வார்.

குடும்பத்துடன் வந்தோர் ஆசிரமத்திற்கு அருகே வீடு கட்டத் தொடங்கினர். இக்குடியிருப்பே இரமண நகர் எனப் பெயர் பெற்றது. 1940களில் தெலுங்கு எழுத்தாளர் சூரி நாகம்மா இங்கு வாழ்ந்து, ஆசிரம நிகழ்வுகளைக் கடிதங்களாக எழுதினார். ஆங்கிலேயரான ஆர்தர் ஆசுபர்னின் குடும்பம் போர்க் காலத்தில் இங்கு வந்து தங்கியது. யப்பானியரால் சிறை வைக்கப்பட்டிருந்த ஆசுபர்ன் 1945 இல் வந்து சேர்ந்தார். படித்த, ஓய்வூதியம் பெறும், வெளியூர் நடுத்தர வகுப்பினரும் ஐரோப்பியரும் அடுத்தடுத்து வாழும் புதிய குடியிருப்பு ஒன்று இவ்வாறு உருவானது.

சொத்தும் உயிலும்

ஆசிரமம் வளர்ந்ததும் அதன் உரிமை குறித்த பிணக்குகளும் வளர்ந்தன. முன்பு நிருவாகத்தில் இருந்த பெருமாள்சாமி 1930களில் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றத்தால் அமர்த்தப்பட்ட ஆணையர் ஆசிரமத்திற்கே வந்து இரமணரை விசாரித்தார். இத்தகைய சிக்கல்களைத் தவிர்க்க 1938 இல் உயில் ஒன்று எழுதப்பட்டது. அதன்படி ஆசிரமச் சொத்துகள் அங்குள்ள தெய்வத் திருவுருவத்திற்கு உரியனவாயின. நிருவாகம் நிரஞ்சனானந்தருக்கும் அவர் வழியினருக்கும் அளிக்கப்பட்டது. பெயரெழுதிக் கையொப்பமிடும் வழக்கமில்லாத இரமணர் அதில் ஒரு கோடு மட்டும் இட்டார். அனைத்தையும் துறந்தவருக்கு உயில் எதற்கு என்னும் வினா அன்றே எழுந்தது.

படைப்புகள்

இரமணர் எழுதியவை அளவில் குறைந்தவை. அவற்றுள் சில:
அருணாசல அட்சரமணமாலை
உபதேச உந்தியார்
உள்ளது நாற்பது
ஆன்ம வித்தை
விவேக சூடாமணி (தமிழாக்கம்)

முருகனார் தொகுத்த குரு வாசகக் கோவை இரமணரின் வாய்மொழி உபதேசங்களைச் செய்யுள் வடிவில் தருகின்றது.

இறுதிக் காலம்

1948 இன் இறுதியில் இவரது இடக்கையில் தோன்றிய சிறு கட்டி புற்றுநோய் எனக் கண்டறியப்பட்டது. 1949 இல் நான்கு அறுவைச் சிகிச்சைகள் செய்யப்பட்டும் பயனில்லை. இறுதி நாள் வரை, மக்கள் தம்மைக் காண்பதைத் தடுக்க வேண்டாம் என இவர் வலியுறுத்தினார். ஏப்ரல் 14, 1950 இரவு 8:47 மணிக்கு இறைவனடி சேர்ந்தார். அந்நேரத்தில் வானில் ஓர் எரிமீன் சென்றதைப் பலர் கண்டனர். அவர்களுள் அப்போது அங்கிருந்த பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் கார்தியே பிரெசோனும் ஒருவர். இரமணரின் உடல் ஆசிரமத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

மறைவுக்குப் பின் சுற்றுப்புற மாற்றம்

இரமணரின் மறைவுக்குப் பின் கூட்டம் குறைந்தது. 1964 இல் ஆசுபர்ன் தொடங்கிய ஆங்கில இதழ் ஆசிரமத்தின் பெயரை மீண்டும் வெளிநாடுகளுக்குக் கொண்டு சென்றது. 1980களுக்குப் பின் முழுநிலவு நாட்களில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோர் தொகை பல மடங்கு பெருகியது. ஆசிரமம் கிரிவலப் பாதையிலேயே அமைந்துள்ளதால் இவ்விரு மாற்றங்களும் ஒரே பகுதியில் குவிந்தன.

1964 இல் இங்கிலாந்தின் சமூகவியலாளர் ரூத் கிளாசு, இலண்டனில் தொழிலாளர் வாழ்ந்த பகுதிகளில் வசதி படைத்தோர் குடியேறி, பழைய குடிகள் வாடகை தாளாமல் வெளியேறுவதை ஆராய்ந்து அதற்கு ஒரு பெயர் சூட்டினார். வசதியானோர் குடியேற்றம் என அதனைத் தமிழில் கூறலாம். அமெரிக்க நகரங்களில் இது வகுப்புடன் இனத்தையும் சார்ந்தது. நியூயார்க்கின் ஆர்லெம், வாசிங்டன் ஆகிய இடங்களில் கறுப்பின மக்களின் விகிதம் இவ்வாறு குறைந்துள்ளது. வாசிங்டனில் 2011 அளவில் அவர்கள் பெரும்பான்மையை இழந்தனர்.

இரமணாசிரமத்தைச் சுற்றிய பகுதியிலும் இதன் சாயல்களைக் காணலாம். இந்தியாவில் குடியிருப்புத் தகுதி பெறாத வெளிநாட்டவர் பொதுவாக நிலம் வாங்க இயலாது, ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாத குத்தகைக்கே எடுக்கலாம். ஆகவே வெளிநாட்டவர் வருகை முதலில் வாடகையில் தெரிகின்றது. திசம்பர் முதல் பெப்ரவரி வரையான குளிர்காலப் பருவத்தை எண்ணி வீடுகள் கட்டப்படுகின்றன. நிலத்தை வாங்குவோர் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, ஐதராபாத் போன்ற நகரங்களின் இந்தியர் ஆவர். வயல்கள் மனைகளாகின்றன. வீடும் நிலமும் உள்ள உள்ளூரார் இதனால் பயனடைகின்றனர். தானி ஓட்டுநர், வீட்டு வேலை செய்வோர், கடைக்காரர் ஆகியோருக்கு வருவாய் கிடைக்கின்றது. வாடகைக்கு இருக்கும் ஏழைகளுக்கோ அதே பகுதியில் வாழ்வது கடினமாகின்றது.

மலிவான இடம் தேடுவோர் சென்றடையும் இடங்களுள் மலைச்சரிவும் ஒன்று. திசம்பர் 1, 2024 அன்று பெஞ்சல் புயலின் பெருமழையில், வ. உ. சி. நகரில் மலையடிவார வீடுகள் மீது பாறையும் மண்ணும் சரிந்து விழுந்தன. இதில் 5 குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தனர். அதே மலையின் தென்புறம் விரும்பித் தேடப்படும் இடமாகவும், கிழக்குச் சரிவு வேறிடம் இல்லாதோர் ஒதுங்கும் இடமாகவும் இருப்பதை இந்நிகழ்வு வெளிக்காட்டியது. அவ்வாண்டிலேயே திருவண்ணாமலை மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது.

மதிப்பீடு

இரமணர் சமூகச் சீர்திருத்தவாதி அல்லர், அவ்வாறு தம்மைக் கூறிக் கொண்டவரும் அல்லர். சீர்திருத்தம் பற்றிக் கேட்டோரை முதலில் தம்மை அறியுமாறு திருப்பி அனுப்பினார். ஆயினும் அவரது வாழ்க்கையில் தெளிவான ஒரு நடைமுறை காணப்படுகின்றது. தம்மை அணுகுவதற்கு விலை வைக்கப்பட்டபோதும், தம் வாயிலில் ஏழைகள் தள்ளி நிறுத்தப்பட்டபோதும், அவர் வாதிடாமல் எழுந்து வெளியே சென்று அமர்ந்தார். குகையில் கட்டணம் நின்றதும், பந்தியில் வரிசை மாறியதும் அதனாலேயே ஆகும்.

இன்று ஆசிரமத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. விருபாட்ச குகைக்கும் கந்தாசிரமத்திற்கும் செல்லும் மலைப்பாதை ஆசிரமத்தின் பின்புறத்திலிருந்து தொடங்குகின்றது. திருச்சுழியில் இவர் பிறந்த இல்லமும் மதுரையில் இவர் வளர்ந்த இல்லமும் நினைவிடங்களாகப் பேணப்படுகின்றன.